சம்பந்தி வேனுக்குத் தங்க டெர்மினல்

ஜூன் 6

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நான், என் மனைவி, மகன், உங்களிடமிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்த மருமகள் எல்லோரும் சௌக்கியம். உங்கள் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? சம்பந்தியம்மாவின் இருமல் நின்றதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன மாதம் பேசினோமே, "நீங்க முதல்ல வைங்க", "ஐயையோ, நீங்க வைங்க" என்று கால் மணி நேரம் போய், கடைசியில் லைன் தானாகவே அறுந்தது. வைத்தது நான்தான் என்று நீங்கள் நினைத்திருப்பீர்களோ என்று இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடிதமென்றால் அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் நன்றி சொல்வதுதான். கல்யாணம் முடிந்த கையோடு பிப்ரவரியில் வந்து, பத்து நாள் தங்கி, என் பள்ளி வேனுக்கு முழு ஒயரிங்கையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தீர்கள். அதுவும் ஒவ்வொரு ஒயர் முனையிலும் நசுக்கிப் பூட்டிய டெர்மினல், தங்கப் பூச்சு! பிள்ளைகளை ஏற்றிவிட வரும் பெற்றோர்களுக்கு பானட்டைத் திறந்து காட்டாத நாளே கிடையாது. "எங்க சம்பந்தி ஆட்டோ எலக்ட்ரீஷியன், தங்கத்துலயே போட்டுட்டார்" என்பேன். ஒரு அம்மா தன் வளையலையும் டெர்மினலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வளையலை முந்தானையால் மூடிக்கொண்டு போய்விட்டார்.

இப்போதெல்லாம் பிரேக்கை மிதித்தால் உள்ளே கூரை விளக்கும் சேர்ந்து லேசாக எரிகிறது. ஒரு மிதியில் இரண்டு வேலை. நீங்கள் யோசித்துத்தான் செய்திருப்பீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

என்றும் உங்கள் மேல் மதிப்புள்ள,
வேன்கார சம்பந்தி


ஜூன் 20

பேரன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கண்டதும் முட்டி வலி பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது. இருமல் நின்றுவிட்டது. அங்கே மாப்பிள்ளைக்கு வேலை எப்படிப் போகிறது? சம்பந்தியம்மாவின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா?

டெர்மினலைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். அதிலே என் பெருமை என்ன இருக்கிறது? இருந்தாலும் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். (நீங்கள் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்கிறேன்.) சந்தையில் மலிவாகக் கிடைப்பது பித்தளை டெர்மினல். விறைப்பாக இருக்கும், சீக்கிரம் சூடேறும். அதன் கழுத்தில் போட்டிருக்கும் பி.வி.சி. உறை எஞ்சின் பக்கத்தில் நாலு மாதத்தில் பாளம் பாளமாக வெடித்துவிடும். நான் என் கடைக்கு வருகிற வண்டிக்கெல்லாம் வெள்ளீயம் பூசிய செம்புதான் போடுவேன். செம்பு மெத்தென்று நசுங்கி ஒயரைக் கெட்டியாகப் பிடிக்கும். வெள்ளீயம் அதைப் பச்சை பிடிக்காமல் காக்கும். மேலே நைலான் உறை.

ஆனால் அது வாடிக்கையாளருக்கு. சம்பந்தி வண்டிக்குப் போய் வெள்ளீயமா போடுவது? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால்தான் தங்கப் பூச்சாகத் தேடி வாங்கினேன். அப்போதே ஒரு ஆள் காதில் வந்து வேண்டாம், வேண்டாம் என்று ஓதினார். எல்லாரும் யோசனை சொல்ல வந்துவிடுகிறார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த ஒயரிங்கில் வேறு எவனும் கை வைக்க வேண்டாம். தெரியாதவன் தொட்டால் கெட்டுவிடும்.

பாப்பா எப்படி இருக்கிறாள்? பெண் பார்க்க வந்தபோதே சொன்னேனே, அவளுக்கு எம்பிராய்டரி என்றால் உயிர். ஊசியும் நூலும் கொடுத்துவிட்டால் உலகமே தெரியாது.

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கும்,
உங்கள் எலக்ட்ரீஷியன் சம்பந்தி


ஜூலை 29

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பெரிய மனது பண்ணி மன்னிக்கவும். காலை நேரத்தில் கொஞ்சம் வேலை கூடிவிட்டது. மற்றபடி அனைவரும் சுகம். உங்கள் முட்டியின் மீதிப் பாதி எப்படி இருக்கிறது?

வண்டி அருமையாக இருக்கிறது. ஹாரன் மட்டும் இப்போது அளந்து பேசுகிறது. பத்துத் தடவை அழுத்தினால் ஒரு தடவை. நானும் யோசித்துப் பார்த்தேன், இந்த வயதில் எனக்கு எதற்கு அவ்வளவு ஹாரன்? ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி "ஏம்ப்பா, கொஞ்சம் தள்ளு" என்று கேட்டால் எல்லோரும் மரியாதையாக வழிவிடுகிறார்கள். செல்ஃப் ஸ்டார்ட்டும் சில நாள் வேலை செய்கிறது. செய்யாத நாளில் இரண்டு பிள்ளைகளின் அப்பாக்கள் தள்ளிவிடுகிறார்கள். ஒருவருக்குத் தொப்பை நன்றாகக் குறைந்திருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன் எங்கள் தெருமுனை எலக்ட்ரீஷியன் தானாகவே வந்து, "என்னண்ணே, தினமும் தள்றீங்க, நான் பாக்கட்டுமா?" என்று டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டான். அந்தக் கையை அப்படியே பிடித்து வெளியே எடுத்துவிட்டேன். "இது எங்க சம்பந்தி கை வச்ச இடம்" என்றேன். அவன் முகம் சுண்டிப்போய்ப் போய்விட்டான். உங்கள் வார்த்தையை நான் மீறுவேனா?

மருமகளும் வாசலில் நின்று வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, நான் வேணா ஒரு தடவை பாக்கட்டுமா?" என்றாள். பாவம், என்ன நல்ல மனசு! "உனக்கு எதுக்கும்மா இந்த அழுக்கு, நீ உள்ள போய் உக்காரு" என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்கே அவளுக்கு எட்டு வண்ணத்தில் எம்பிராய்டரி நூல் வாங்கிக் கொடுத்தேன். முதல் பூ முடிந்திருக்கிறது. என் மனைவி அதைத் தவளை என்று நினைத்து "ரொம்ப ஜோரா இருக்கு, கண்ணு ரெண்டும் உயிரோட இருக்கு" என்று பாராட்டிவிட்டாள். பிறகுதான் பூ என்று தெரிந்தது. யாரும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன்.

உடல்நலம் முக்கியம். பதில் எழுதவும்.

உங்கள்,
வேன்கார சம்பந்தி


ஆகஸ்ட் 10

பேரன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே அனைவரும் நலம் என்று எழுத ஆசை. முட்டிக்கு அறுவை சிகிச்சையே செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செப்டம்பர் கடைசியில் தேதி. அதன்பின் இரண்டு மாதம் பஸ், ரயில் எதிலும் ஏறக்கூடாதாம். நீங்கள் யாரும் கவலைப்பட வேண்டாம்.

ஹாரன் பத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தீர்கள். எழுதும்போது கை தவறி ஒன்றுக்குப் பத்து என்பதை மாற்றிப் போட்டுவிட்டீர்களோ? சும்மாதான் கேட்கிறேன். இன்னொன்றும் சும்மாதான். டெர்மினல் பூட்டியிருக்கும் இடத்தில் கறுப்பாகப் பொடி மாதிரி எதுவும் தெரிகிறதா? தெரியாது. தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டாலும் எழுதுங்கள், எனக்கு நிம்மதியாக இருக்கும்.

பாப்பாவை வேன் பக்கம் விடாதீர்கள். எண்ணெய், கிரீஸ் எல்லாம் அவளுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. எம்பிராய்டரியில் அவள் கொஞ்சம் புதுமாதிரி. அவளுடைய பூக்கள் பார்க்கப் பார்க்கத்தான் பிடிபடும்.

சம்பந்தியம்மாவை மருந்து மறக்காமல் சாப்பிடச் சொல்லவும்.

உங்கள் நலம் விரும்பும்,
எலக்ட்ரீஷியன் சம்பந்தி


செப்டம்பர் 14

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிய வேண்டும். நாங்கள் எல்லோரும் உங்கள் நினைவாகவே இருக்கிறோம்.

நீங்கள் கேட்ட கறுப்பு இருக்கிறது. எல்லா டெர்மினலிலும் ஒரே சீராக, கண்ணுக்கு மை தீட்டிய மாதிரி. தங்க நிறத்துக்கு அது எடுப்பாகத்தான் இருக்கிறது.

வைப்பர் ஓய்வெடுக்கிறது. மழை நாளில் வண்டியை ஓரம் கட்டி நானே துணியால் துடைத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் அந்த நேரத்தில் பாட்டுப் பாடுகிறார்கள், நன்றாகவே பாடுகிறார்கள்.

பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நல்ல வழவழப்பான தாளில் அச்சடித்திருந்தார்கள்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

உங்கள்,
வேன்கார சம்பந்தி


செப்டம்பர் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டியை நினைத்தால்தான் கவலை. அம்மா சொல்வதைக் கேட்டு நடங்கள்.

மாமா உங்களுக்கு எழுதுகிற கடிதங்களைத் தபாலில் போடுவது நான்தான். உறையைப் பிரித்துப் படிப்பதில்லை. எழுதி முடித்ததும் அவரே அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். அதனால் அவர் எழுதாததை நான் எழுதுகிறேன்.

அந்த வழவழப்பான தாளில் என்ன இருந்தது தெரியுமா? வேன் இந்தப் பருவத்தில் பதினொரு நாள் தாமதம். நவம்பர் 4 வருடாந்தர வாகனச் சோதனை. அதில் வண்டி தேறாவிட்டால் பதினாலு பிள்ளைகளையும் வேறு வேனுக்கு மாற்றிவிடுவார்கள். மாமா இந்த ஒரு பள்ளிக்குப் பதினாறு வருடமாக ஓட்டுகிறார். வீடு ஓடுவதும் அதில்தான். ஹாரன், வைப்பர், இடது பக்க இண்டிகேட்டர், செல்ஃப் எதுவும் உருப்படியாக இல்லை. அப்படியும் தெருமுனை எலக்ட்ரீஷியனைத் தொட விடமாட்டேன் என்கிறார். ஏனென்றால் உங்களுக்கு அவமரியாதையாம். பிழைப்பே போனாலும் போகட்டும், சம்பந்தி மனசு கோணக்கூடாது என்று இருக்கிறார் மனிதர்.

நான் அப்போதே சொன்னேன் அப்பா. நீங்கள் டெர்மினல் பெட்டியைப் பிரிக்கும்போது, சமையலறை வாசலில் நின்று உங்கள் காதில் சொன்னேன். வேனில் விளக்கு, ஹாரன், ரிலே எல்லாவற்றிலும் ஒயரை மாட்டுகிற முள், அதாவது பின், வெள்ளீயம் பூசியது. அதில் மாட்டுகிற டெர்மினலும் வெள்ளீயமாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் வெள்ளீயம் என்றால், வண்டி குலுங்குகிற குலுக்கலில் தங்கம் சும்மா இருக்கும், வெள்ளீயம் தேய்ந்து கறுப்புப் பொடியாகி நடுவில் நின்றுகொள்ளும். கரண்ட் போகாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். "பேசாம போ, மரியாதைன்னு ஒண்ணு இருக்கு" என்றீர்கள்.

என்னிடம் விட்டால் மூன்று நாள் வேலை. ஆனால் எனக்கு எம்பிராய்டரி தவிர ஒன்றும் தெரியாது என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். இங்கே எல்லோரும் ரொம்ப நல்லவர்கள். ஒரு டம்ளரைக்கூட என்னைக் கழுவ விடுவதில்லை. எட்டு மாதமாக விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், முன்னறையில் அந்தத் தவளையைப் பார்த்துக்கொண்டு.

நானே சொல்லிவிடலாம். ஆனால் பொய் சொன்னது நீங்கள். நீங்கள்தான் எழுத வேண்டும். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள்,
பாப்பா


அக்டோபர் 3

பேரன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

அறுவை சிகிச்சை முடிந்தது. கட்டிலில் இருந்துகொண்டே எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் அதற்குக் கட்டில்தான் காரணம். அங்கே எல்லோரும் நலம்தானே?

ஒரு முக்கியமான விஷயம் எழுத வேண்டும். ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

அதாவது, தெருமுனை எலக்ட்ரீஷியன் நல்ல பையனாகத் தெரிகிறான். அவனையே கூப்பிட்டு, தங்க டெர்மினலை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளீயம் பூசிய செம்பு டெர்மினல் போடச் சொல்லுங்கள். நைலான் உறை இருக்க வேண்டும். கீழே தண்ணீர் தெறிக்கிற இடத்துக்கு, சூடு காட்டினால் சுருங்கி உள்ளே பசை இறுகுகிற உறை போட வேண்டும். தங்கத்தில் குறை ஒன்றுமில்லை. உங்கள் பக்கத்துக் காற்றுக்கு அது ஒத்துவரவில்லை போலிருக்கிறது. ஊருக்கு ஊர் காற்று மாறுகிறது அல்லவா?

எனக்கு இதில் துளியும் வருத்தமில்லை. எழுத வேண்டிய முக்கியமான விஷயம் இவ்வளவுதான். வேறு ஒன்றுமில்லை. பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள்,
எலக்ட்ரீஷியன் சம்பந்தி


அக்டோபர் 11

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்குப் பெரிய ஆறுதல். காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெருந்தன்மை யாருக்கு வரும்? உங்கள் சொல்லைத் தட்டக்கூடாது என்று தெருமுனை எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவன் ஸ்டூலில் இருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. "உங்க சம்பந்தி கை வச்ச இடத்துல நான் கை வைக்கலாமாண்ணே? அவரையே வரச் சொல்லுங்க" என்றான். அடுத்த தெருவில் இருப்பவனிடம் போனேன். அவனிடம் இவன் முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறான். இரண்டு பேரும் மச்சான் மாப்பிள்ளையாம்.

பரவாயில்லை. எல்லாம் நல்லதற்கே என்று இருக்கிறேன். கீழே ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறேன். அதைப் படிக்க வேண்டாம்.

█████████████████

உங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் அன்பு.

உங்கள்,
வேன்கார சம்பந்தி


அக்டோபர் 17

சம்பந்தி அவர்களுக்கு,

படிக்க வேண்டாம் என்று சொன்ன வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். "எனக்கு வேறு தொழில் தெரியாது." படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால் நலம் விசாரிப்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

காற்றின் மேல் பழி போட்டேன். காற்றில் ஒரு குறையும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. வெள்ளீயப் பின்னில் தங்க டெர்மினலை மாட்டக்கூடாது என்பது இந்தத் தொழிலில் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். சம்பந்தி முன்னால் பெரிய மனிதனாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் அதைத் தெரிந்தே செய்தேன். என் கடைக்கு வருகிற எவனுக்கும் இப்படி ஒரு வேலையை நான் செய்ததில்லை. உங்களுக்குச் செய்தேன்.

இரண்டாவது. எங்கள் பாப்பாவுக்கு எம்பிராய்டரி தெரியாது. ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. அவள் பதினாறு வயதிலிருந்து என் கடையில் வேலை பார்த்தவள். ஒன்பது வருடம். வண்டி வண்டியாக ஒயரிங் பண்ணியிருக்கிறாள். அவள் நசுக்கின டெர்மினல் ஒன்றுகூடக் கழன்று நான் பார்த்ததில்லை. என் கையைவிட அவள் கை சுத்தம். தங்கம் வேண்டாம் என்று காதில் ஓதின ஆள் அவள்தான்.

உங்களுக்கு முன்னால் இரண்டு வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். ஒருவர் அவள் நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்தார். இன்னொருவர் "கடைக்கெல்லாம் போற பொண்ணா?" என்று கேட்டுவிட்டுக் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மூன்றாவதாக நீங்கள் வந்தீர்கள். நல்ல மனிதர்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அதனாலேயே பயம் வந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன், எம்பிராய்டரி வந்தது.

வேன் சாவியை அவளிடம் கொடுங்கள். தண்டனை ஏதாவது இருந்தால் எனக்குக் கொடுங்கள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

சம்பந்தியம்மா நலமா? மாப்பிள்ளை நலமா? நீங்கள் நலமா?

தலை குனிந்து,
எலக்ட்ரீஷியன்


நவம்பர் 2

சம்பந்தி அவர்களுக்கு,

பதினாறு நாளாகப் பதில் இல்லை. தபால்காரர் இப்போதெல்லாம் என் ஜன்னலைப் பார்க்காமல் எதிர்ப் பக்கமாகப் போகிறார். கட்டிலில் இருந்து அவர் பையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன் பண்ணலாம் என்று மூன்று தடவை எடுத்து, பயந்து வைத்துவிட்டேன். முதலில் வைத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன்.

திட்டியாவது எழுதுங்கள்.

எலக்ட்ரீஷியன்


நவம்பர் 8

அன்புள்ள சம்பந்திக்கு,

எங்கள் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் கால் ஊன்ற முடிகிறதா?

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. எனக்குக் கோபம். மருமகள் கடைக்குப் போனாள் என்பதற்காக அல்ல. என்னை அப்படிப்பட்ட மனிதன் என்று நினைத்துவிட்டீர்களே, அதற்காக. நூல் வேறு எட்டுக் கலரில் வாங்கி வைத்திருக்கிறேன். மூன்றாம் நாள் காலையில் அவளைக் கூப்பிட்டேன்.

"உங்க அப்பா எழுதியிருக்கார்மா."

"என்ன எழுதியிருக்கார் மாமா?"

"உனக்குத் தையலே தெரியாதாமே?"

"தெரியாது மாமா."

"அப்ப அது பூ இல்லையா?"

"பூதான் மாமா. வரலை." அப்புறம் கையை நீட்டினாள். "வேன் சாவி குடுங்க."

மூன்று நாள் வேலை என்று உங்களுக்கு எழுதியிருந்தாளாம். சாமான் வாங்கவே இரண்டு நாள் ஆனது. கடைக்காரர் எடுத்துக் காட்டிய டெர்மினலை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "உள்ள பித்தளை, வேண்டாம்" என்று மூன்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அப்புறம் டேஷ்போர்டுக்குக் கீழே படுத்தவள்தான், வெளியே கால் மட்டும் தெரிந்தது. அறுபத்திரண்டு தங்க டெர்மினலையும் வெட்டிப் போட்டாள். பின்னில் ஒட்டியிருந்த கறுப்பை ஒவ்வொன்றாகத் துடைத்தாள், தேய்ந்துபோன பின்னை மாற்றினாள். புதிதாக நசுக்கின ஒவ்வொரு ஒயரையும் ஒரு இழு இழுத்துப் பார்த்தாள். ஒன்றே ஒன்று லேசாக அசைந்தது, அதையும் வெட்டிவிட்டு மறுபடி போட்டாள். எனக்கு டார்ச் பிடிக்கிற வேலை.

இரண்டாம் நாள் மத்தியானம் அது நடந்தது. நான் ஏதோ ஞாபகத்தில் இருந்துவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு கத்தல். "மாமா! லைட்டைப் பிடிங்கன்னா என் மூஞ்சிலயா பிடிப்பீங்க? ஒயர்ல பிடிங்க!"

என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். மருமகளும் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள், கால் இரண்டும் அசையவே இல்லை. ஒன்பது மாதமாக "சரிங்க மாமா", "பரவால்ல மாமா" தவிர அவள் வாயிலிருந்து எனக்கு வேறு வார்த்தை வந்ததில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை சம்பந்தி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு மருமகள் வந்தது ஜனவரியில் இல்லை, அன்றைக்கு மத்தியானம்தான். நான் டார்ச்சை ஒயரில் பிடித்தேன்.

நாலாம் தேதி சோதனைக்குப் போனோம். அதிகாரி ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தார். ஹாரனை என் பழக்கத்தில் நான் ஓங்கி அழுத்திவிட்டேன். முதல் அழுத்திலேயே அது போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த பேனா கீழே விழுந்துவிட்டது. அப்புறம் பானட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். "யாரு பண்ணின வேலை?" என்றார். பழக்க தோஷத்தில் "எங்க சம்பந்தி" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "எங்க வீட்டுப் பொண்ணு" என்றேன். வண்டி தேறியது. பள்ளியிலிருந்து மறுபடி ஒரு தாள் வந்தது, இந்தத் தடவை சாதாரணத் தாள்தான். பதினாலு பிள்ளைகளும் என் வேனில்தான்.

இனிமேல் உங்களுக்கு ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கல்யாணத்துக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்த சட்டை எனக்குக் கழுத்தில் பிடிக்கிறது. நீங்கள் குறட்டை விட்டதில் அந்தப் பத்து நாளும் நாங்கள் தூங்கவில்லை. என்னிடம் ஏதாவது குறை இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

சம்பந்தியம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
வேன்கார சம்பந்தி


நவம்பர் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் கோல் இல்லாமல் வாசல் வரை நடந்ததாக அம்மா எழுதியிருந்தார். படித்துவிட்டு எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இந்த வீட்டு வழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

நீங்கள் எழுதினதற்கு நன்றி அப்பா. அந்த இரண்டு வீட்டார் விஷயத்தை மாமா எனக்குப் படித்துக் காட்டினார். அந்தக் காபியை நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். நீங்களும் நினைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது.

சோதனைக்கு வந்திருந்த வேன்காரர்கள் இரண்டு பேர் மறுவாரமே வீட்டைத் தேடி வந்துவிட்டார்கள். இப்போது வாசலில் ஐந்து வண்டி நிற்கிறது. சைக்கிள் நிறுத்துகிற அறையை மாமா காலி பண்ணி, பெரிய மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறார். அத்தைதான் டெர்மினல் பிரித்து வைக்கிறார். மெல்லிய ஒயருக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு நீலம், தடித்ததற்கு மஞ்சள், மூன்று டப்பா. தப்பாகப் போட்டால் சத்தம் போடுகிறேன். அவரும் திரும்பச் சத்தம் போடுகிறார். ரொம்ப நன்றாக இருக்கிறது. தெருமுனை எலக்ட்ரீஷியன் நேற்று சும்மா பார்க்கிற மாதிரி வந்து, பித்தளைக்கும் செம்புக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது என்று கேட்டுவிட்டுப் போனான்.

மாமாதான் உதவிக்கு இருக்கிறார். ஆனால் ஒவ்வொரு ஒயரையும் நசுக்கி முடித்ததும் "அடடா, அடடா" என்று நின்றுவிடுகிறார். வேலை நகர மாட்டேன் என்கிறது. போகச் சொல்லவும் மனசு வரவில்லை. அதனால் இன்னொரு ஆள் வேண்டும். அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது. முட்டி மடக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, உட்கார்ந்தே செய்கிற வேலை நிறைய இருக்கிறது. எந்த வண்டிக்கு என்ன சாமான் என்று நான்தான் சொல்வேன். நான் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

டாக்டர் பயணம் பண்ணலாம் என்று சொன்ன அன்றைக்கே கிளம்பி வாங்கப்பா. வேலை காத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள்,
பாப்பா